வளைவின் இரண்டு முனைகள்

நகராட்சி ரோடு வேலையில் கொடி பிடிப்பவள் அவள். வாய்க்காலை ஒட்டி வளைந்து போகும் சாலையில் ஒரு பாதியைக் கொத்திப் போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிகள்தான் போக முடியும். இந்த முனையில் அவள் நின்றாள். வளைவுக்கு அப்பால், கண்ணில் படாத மறுமுனையில் அவளுடைய நாத்தனார். வீட்டின் முன்னறை யாருக்கு என்று கிளம்பிய சண்டையில் இருவருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. வேலைக்காகப் போனில் மட்டும் இரண்டொரு வார்த்தை. அதுவும் கடனே என்று.

அன்று காலையிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. தார் வண்டி தாமதமானதில் வண்டிகள் நீளமாகத் தேங்கிவிட்டன. முதலில் நின்ற ஜல்லி லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஏம்மா, இங்கயே குடித்தனம் நடத்தச் சொல்றியா?"

"கொஞ்சம் பொறுங்கண்ணே. எதிர்ல வண்டி வருது."

போன் அடித்தது. "விட்டாச்சு. கடைசியா அண்ணன் வேன்," என்றாள் நாத்தனார்.

அண்ணன் என்றால் இவளுடைய கணவர். மில் ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுபவர்.

இரண்டு பைக், ஒரு கார் வந்து கடந்தன. வேனைக் காணோம்.

"அதான் எல்லாம் வந்தாச்சே!" லாரி உறுமியது.

"இன்னும் ஒண்ணு இருக்குண்ணே! நில்லுங்க!"

கொடியோடு குறுக்கே பாய்ந்தாள். அவர் ஸ்டியரிங்கை ஒடித்து, ஓரத்து பிளாஸ்டிக் தடுப்பை நசுக்கிக்கொண்டு போயே போய்விட்டார்.

அவள் கணவருக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது என்று அவரைப் படுத்தி எடுத்தவளே அவள்தான். நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"லாரி உள்ள பூந்துடுச்சுடி! உங்கண்ணனை நிறுத்து!"

இணைப்பு அறுந்தது. பின்னால் நின்ற கார்க்காரர் கையில் கொடியைத் திணித்து, "யாரையும் விடாதீங்க," என்று கத்திவிட்டு ஓடினாள். வளைவுக்கு அந்தப் பக்கம் பிரேக் கிறீச்சிட்டது.

புழுதி அடங்கியபோது லாரி சாலையின் குறுக்கே நின்றது. வேனின் இரண்டு சக்கரங்கள் கொத்திய பள்ளத்தில் இறங்கி, வண்டி ஒருக்களித்திருந்தது. உள்ளிருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. நடுவில் ஒற்றைச் செருப்போடு நாத்தனார் மூச்சிரைத்தாள். காத்திருந்த ஒருவரின் பைக்கில் ஏறித் துரத்தியிருக்கிறாள். ரோலர் பின்வாங்குவதற்காக வேன் நடுவழியில் நின்றிருந்ததால் எட்டிப் பிடித்துவிட்டாள்.

"இவ போட்ட கூச்சல்லதான் பள்ளத்துல இறக்கினேன்," என்றார் கணவர்.

லாரிக்காரர் இறங்கி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. அவரை அறைந்துவிடத்தான் அவள் நினைத்தாள், கை எழவில்லை.

"அண்ணி, முதல்ல உக்காருங்க," என்று நாத்தனார் அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள். ஜல்லிக் குவியலில் உட்கார்ந்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நாத்தனாரும் அழுதாள்.

லாரிக்காரர் மேல் சூப்பர்வைசர் புகார் கொடுத்தார். இரண்டு முனைக்கும் இரும்புத் தடுப்பு வந்தது. சாயங்காலம் கணவர், "இந்த வேலை வேணாம், விட்டுடேன்," என்றார்.

"நாளைக்கு மீதிப் பாதியைக் கொத்தப்போறாங்க," என்றாள் அவள். "நான் நிக்கலேன்னா அவ தனியா என்ன பண்ணுவா?"