லட்சுமியின் கயிறு

மாடம்பாக்கத்தில் முத்தாலம்மாளின் பசுவைத் தெருவே லட்சுமி என்றுதான் கூப்பிடும். வாக்கிங் போகிறவர்கள் அதன் பின்பக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அமாவாசைக்கு அகத்திக்கீரை வேறு. மடிநோய் வந்து பால் நின்றதும் ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கவில்லை.

ஊசி மேல் ஊசி போட்ட மாட்டு டாக்டர், "மருந்து இன்னும் உடம்புல இருக்கும்மா. ஒரு மாசத்துக்குக் கறிக்கு வித்துடாதீங்க, சாப்பிடறவங்களுக்கு ஆகாது" என்றார்.

"நாமளா துன்னப் போறோம்?" என்று முனகியவள் மறுநாளே வியாபாரியை வரவழைத்தாள். லட்சுமிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து விழுந்து கும்பிட்டாள். கழுத்துக் கயிற்றை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டாள். மாட்டோடு கயிறும் போனால் வீட்டு ஐசுவரியமும் போய்விடுமாம். ஊசியைப் பற்றி வியாபாரியிடம் மூச்சுவிடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் இளமாறன் தாம்பரத்திலிருந்து வந்து, "சோறு வேணாம்மா, வெளிய துன்னுட்டேன்" என்றான். கூட்டாளிகளோடு அவன் மாட்டுக்கறி தின்பது அவளுக்கு எப்போதோ தெரியும். ஒரு நாளும் கேட்டதில்லை. அன்று சாமி படத்தில் தொங்கிய கயிற்றைப் பார்த்தபடி கேட்டாள்.

"இன்னாடா துன்னே?"

அவன் சிரித்தான். "கேக்காதம்மா. சொன்னா நீ தலை முழுகணும்."