கைக்குத் தெரிந்த வீடு

எங்கள் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் எதையாவது சொல்லாமல் போவதில்லை. சிலிண்டர் போட வந்தவர் கூடத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாங்க, இன்னும் சாமான் எறக்கலியா?" என்று கேட்டார். நாங்கள் குடிவந்து பல வருஷம் ஆகியிருந்தது. உள்ளே கூப்பிட்டால் எதிரொலி வருகிறது என்பார் பக்கத்து வீட்டம்மா. எனக்கு அதிகம் பிடித்தது கேபிள்காரர் சொன்னதுதான். இந்த வீட்டில் பிள்ளைகள் ஒளிந்து விளையாட முடியாது, சார் என்றார்.

நான் திண்டிவனத்தில் ஒரு நெல் மண்டியில் எடை போடுகிறவன். பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்தது. மற்றதெல்லாம் மண்டிக்கு வருகிறவர்களின் வாயைப் பார்த்துப் படித்ததுதான். அதனால் யார் எதைச் சொன்னாலும் மனதில் ஒட்டிக்கொள்கிறது.

வீடு இப்படிக் காலியானதற்குக் காரணம் என் மனைவியின் கண். சர்க்கரை வியாதி கண்ணுக்குப் போய்விட்டது. வெளிச்சமும் நிழலும் தெரியும். எதிரே நிற்பது நானா பீரோவா என்று தெரியாது. இனிமேல் மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம், போனது திரும்பாது என்று புதுச்சேரியில் டாக்டர் சொன்னார். அந்த வாரமே சமையலறை வழியில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் இடித்து விழுந்தாள். இனிமேல் நீ உட்கார்ந்த இடத்தில் இரு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று நானும் மகளும் சொன்னோம்.

"நான் எதுக்கு உக்காரணும்? சாமானுங்கள உக்கார வைங்க" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. வழியில் நிற்கிற எதுவும் வேண்டாம் என்று முதலில் ஸ்டூலும், காலடியில் வழுக்குகிற மிதியடிகளும் போயின. பிறகு டிவிக்குக் கீழே இருந்த கண்ணாடி அலமாரி. பிறகு பரண். எங்கள் ஊர்ப்பக்க வீடுகளில் பரண் என்பது கல்யாணச் சீர் வந்து படுத்துக்கொள்கிற இடம். பெயர் வெட்டிய குடம், பெயர் வெட்டிய அண்டா, யாரோ வைத்த குத்துவிளக்கு ஜோடி. வருஷத்துக்கு ஒருமுறை இறக்கித் தூசு தட்டி மறுபடி ஏற்றுவோம். அவள் அக்கா சீராக வைத்த பெரிய அண்டாவை, ஆடி மாதம் கேப்பைக் கூழ் காய்ச்ச மாரியம்மன் கோவிலுக்குக் கொடுத்தோம். அக்காவுக்குக் கோபம். தன் பெயர் வெட்டிய பாத்திரம் தெருவில் நிற்கிறதாம். "இப்பதான்கா உன் பேர நாலு பேரு படிக்கிறாங்க" என்றாள் இவள். அக்கா சிரித்துவிட்டாலும் கோபம் முழுசாகப் போகவில்லை.

மிஞ்சியதற்கெல்லாம் இடம் வந்தது. ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர்; விருந்தாளிகளுக்கென்று கொஞ்சம், அதுவும் தனித் தட்டில். அடுப்புக்கு வலது பக்கம் உப்பு, அதற்கடுத்து மிளகாய்த்தூள், மூடிகள் வேறு வேறு மாதிரி, தொட்டதும் தெரிய. துடைப்பம் கதவுக்குப் பின்னால் ஆணியில். எடுத்தவர் எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். ஒரு நாள் ஊரிலிருந்து வந்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டையை நடையிலேயே வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வெளியே வருவதற்குள் மூட்டையின் மேல் அவளே உட்கார்ந்திருந்தாள். "இது யாரு, புதுசா வந்திருக்காங்க?" என்று கேட்டாள்.

சுத்தம் செய்வது சுலபமாகிவிட்டது. ஒன்றையும் நகர்த்த வேண்டியதில்லை. சுவரில் ஆரம்பித்த துடைப்பம் அடுத்த சுவர் வரை நிற்காமல் போகும். அவளே பெருக்கி, அவளே துடைப்பாள். ஈரம் காய்ந்ததும் வெறுங்காலால் ஒரு நடை நடப்பாள். மணல் நெருடுகிற இடத்தில் நின்று மறுபடி துடைப்பாள். நான் பார்த்துச் சுத்தம் என்று நினைத்த தரையில் அவள் பாதம் பலமுறை குற்றம் கண்டுபிடித்திருக்கிறது.

போன தை மாதம் மகளுக்கு விழுப்புரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. கண் விஷயத்தை நாங்கள் மறைக்கவில்லை, போனிலேயே சொல்லிவிட்டேன். பையனின் அம்மா நல்ல மாதிரியாகத்தான் பேசினார். ஆனால் ஒன்று கேட்டார்: "அப்போ பொண்ணு எங்க வூட்டுக்கு வந்துட்டா, அங்க அவங்கள யாரு பாத்துக்குவாங்க?"

கேட்டதில் தப்பில்லை. கல்யாணமான பெண் நாளெல்லாம் அம்மா வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தால் எந்த வீட்டிலும் முகம் சுளிப்பார்கள். ஆனால் ஸ்பீக்கரில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி அன்று தரையை இரண்டு தடவை துடைத்தாள். மறுநாள் சொன்னாள்: "எனக்குக் கண்ணு போச்சின்னு அவங்களுக்குத் தெரியும். கை போவலன்னு தெரிய வேணாமா? அவங்க வர்ற அன்னிக்கி நான்தான் காபி போட்டு, நான்தான் எடுத்துக்கினு வந்து குடுப்பேன். யாரும் கிட்ட வரக் கூடாது."

அந்த ஒரு காபிக்காக ஒரு வாரம் பழகினாள். தட்டில் டம்ளர்களை வைத்துத் தண்ணீர் ஊற்றி, சமையலறையிலிருந்து கூடம் வரை நடப்பாள். நாங்கள் பாயில் உட்கார்ந்து விருந்தாளி வேஷம் போட்டோம். மகள் பையனின் அம்மா மாதிரி குரலை மாற்றி, சர்க்கரை கம்மி என்று வம்பு செய்வாள்.

அவர்கள் வருகிற காலையில், நான் பூ வாங்கப் போயிருந்த நேரத்தில், அக்கா ஒரு குட்டியானை வண்டியோடு வந்து இறங்கிவிட்டார். தன் வீட்டு சோபா, கண்ணாடி போட்ட டீப்பாய், தன் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய ஷோகேஸ், அதற்குள் வைக்கப் பொம்மைகள், பிளாஸ்டிக் பூச்சாடி. நான் திரும்பி வந்தபோது எங்கள் கூடம் பர்னிச்சர் கடை மாதிரி இருந்தது.

"வெறும் தரையக் காட்டி பொண்ணு குடுப்பீங்களா தம்பி? ஒண்ணுமில்லாத வூடுன்னு நெனச்சிக்க மாட்டாங்க?" என்றார்.

அவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணுக்கு முன்னால் வீட்டைத்தான் பார்க்கிறார்கள் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதற்காக நாற்காலி இரவல் வாங்காத குடும்பம் குறைவு. எனக்கே ஒரு நிமிஷம், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றியது.

அப்போது சமையலறையிலிருந்து மனைவி வெளியே வந்தாள். பழகிய நடை. டீப்பாயின் முனை முழங்காலில் இடித்தது. பக்கவாட்டில் கையை நீட்டினாள், சோபாவின் முதுகு தட்டுப்பட்டது. இன்னொரு பக்கம் திரும்பினாள், ஷோகேஸ். தடவிப் பார்த்து அந்த சோபாவிலேயே உட்கார்ந்துகொண்டாள். "நீங்களே குடுத்துடுங்க காபிய. இது யாரு வூடுன்னு எனக்குத் தெரியல" என்றாள்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் பூவை ஆணியில் மாட்டிவிட்டு டீப்பாயின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். மறுபக்கம் அவள். அக்கா, நேரமாகிறது, பேஜாரு பண்ணாதீர்கள் என்று குறுக்கே நின்றார். பிறகு தங்கை முகத்தைப் பார்த்தார். பொம்மைகளை முந்தானையில் அள்ளிக்கொண்டார்.

ஷோகேஸும் சோபாவும் எங்கள் பக்கத்து வீட்டு வராந்தாவுக்குப் போய்விட்டன. டீப்பாய் கடைசி. நானும் அக்காவும் அதைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டுகிறோம், விழுப்புரம் கார் எதிரே வந்து நிற்கிறது. நான் பட்டுவேட்டியில் வியர்த்து வழிகிறேன். இறங்கிய பையனின் அம்மா எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாங்கண்ணா, வூட்ட காலி பண்றீங்களா?"

பதில் வாசற்படியிலிருந்து வந்தது. என் மனைவி, யாரும் பிடிக்காமல், நிலைப்படிக்கு வெளியே நின்றிருந்தாள். "வாங்கண்ணி. அது எங்க அக்கா வூட்டு சாமான். நான் நடக்கறதுக்கு எடம் பண்றாங்க."

பாய் விரித்து உட்கார்ந்தார்கள். சமையலறையில் டப்பா மூடி திறக்கிற சத்தம் கேட்டது, பால் பொங்குகிற சத்தம் கேட்டது. என் மனைவி தட்டோடு வந்தாள். பையனின் அம்மா பாதி எழுந்தார், உதவி செய்ய. நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவள் நேராக வந்து, குரல் கேட்ட பக்கம் பார்த்துக் குனிந்து தட்டை நீட்டினாள். ஒரு டம்ளரில் விளிம்பு தாண்டிக் கொஞ்சம் வழிந்திருந்தது. அதை அவளே விரலால் கண்டுபிடித்து, தட்டின் ஓரத்துக்குத் தள்ளி, அடுத்த டம்ளரை எடுத்துக் கொடுத்தாள்.

அந்தம்மா காபியைக் குடித்து முடித்தார். பிறகு எழுந்து, சமையலறையைப் பார்க்கலாமா என்று கேட்டார். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். வெகுநேரம் டப்பாக்கள் திறந்து மூடுகிற சத்தம். எதற்கோ சிரித்தார்கள்.

வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறோம் என்று கிளம்பிப் போனார்கள். மூன்று நாள் போன் வரவில்லை. நானும் அக்காவும் மாற்றி மாற்றிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். அந்த டீப்பாய் கெடுத்ததா, வழிந்த காபி கெடுத்ததா என்று. தரை துடைத்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிராமலே சொன்னாள்:

"சரின்னு சொன்னாலும் சொல்லட்டும், வேணாம்னாலும் சொல்லட்டும். அவங்க கேட்டதுக்கு நான் பதில் சொல்லிட்டேன். கொஞ்சம் அந்தாண்ட போய் நின்னு பேசுங்க, ஈரம்."