மல்லாட்டைக்கு வாசல் திறக்கும் மருந்து

மயிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சென்னையில் ஆராய்ச்சி மாணவி நான். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது பெரியப்பா ஒரு கை மல்லாட்டைச் செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். நிலக்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இலையெல்லாம் மஞ்சள். அவர் என்னிடம் கொண்டு வந்தது அப்பா பண்ணிய வேலை. என் பொண்ணு இலையைப் பத்தித்தான் படிக்குது என்று டீக்கடையில் பீற்றியிருக்கிறார்.

"மல்லாட்டைக் கொல்லை பூரா வெளுத்துக்கினு வருது. இன்னான்னு பாரும்மா. இந்தப் போகம் போச்சுன்னா வருசமே போச்சு."

எனக்கு என்ன தெரியும்? பட்டாணி நாற்றை அரைத்து, இலைக்குப் பச்சை தரும் பசுங்கணிகத்தைப் பிரித்தெடுக்கத் தெரியும். தெரியாது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். பக்கத்தில் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். படிப்பதையே சொல்ல ஆரம்பித்தேன்.

"இலைக்குள்ள பச்சையா சின்னச் சின்ன மணி இருக்கும் பெரியப்பா. அதுக்கு வேண்டிய புரதம் பெரும்பாலும் வெளியதான் தயாராவுது. ஒவ்வொரு புரதத்துக்கும் முன்னாடி விலாசச் சீட்டு மாதிரி ஒரு துண்டு ஒட்டிக்கினு இருக்கும். அதைப் பாத்துதான் மணி தன் வாசல்ல விடும். புரதம் மடிப்பு பிரிஞ்சி, ஊசியில நூல் கோக்குற மாதிரி நுழையும். உள்ள போனதும் துண்டை வெட்டிடும்."

"உள்ள போவலன்னா?"

"இலை வெளுத்துடும்."

"அதான பாத்தேன்" என்று அப்பாவின் தோளைத் தட்டினார். "வாசல் அடைச்சிக்கினு கீது. உன் பொண்ணு பட்டுனு சொல்லிடுச்சி பாரு."

அது மரபணு கெட்ட ஆய்வுக்கூடச் செடியின் கதை. உங்கள் செடிக்கு மண்ணா, தண்ணியா, எனக்குத் தெரியாது. தொண்டை வரை வந்தது. அப்பா சிரித்த சிரிப்பைப் பார்த்து விழுங்கிவிட்டேன். சீ, இதுவும் ஒரு படிப்பா? ஏட்டுச் சுரைக்காய்.

மறுநாள் பெரியப்பா திண்டிவனம் உரக்கடைக்குப் போய், மல்லாட்டைக்கு வாசல் தொறக்குற மருந்து குடு என்று கேட்டிருக்கிறார். கடையே சிரித்திருக்கிறது. வெறுங்கையோடு வந்து எங்கள் வாசலில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவரோ என்னைச் சமாதானப்படுத்தினார்.

"நீ மனசுல வெச்சிக்காதம்மா. அவன் ஏதோ தெளிக்கச் சொன்னான். எம்பொண்ணு சொல்ற மருந்து வர்ற வரைக்கும் எதையும் தெளிக்க மாட்டேன்னுட்டு வந்துட்டேன்."

இனியும் விழுங்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"எனக்குத் தெரியாது பெரியப்பா. அப்படி ஒரு மருந்தே இல்ல. நேத்தே சொல்லியிருக்கணும். செடியை எடுத்துக்கினு விவசாய ஆபீசுக்குப் போங்க."

பெரியப்பா என்னை விட்டுவிட்டு அப்பாவைத்தான் பார்த்தார். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார்.