கரண்டு எடுத்த தண்ணீரும் ஏறாத மீனும்

கறுப்புச் சிவப்புக் கொடியும் செங்கொடியும் எங்கள் தெருமுனையில் அருகருகே பறந்த காலம். நடவுக்கூலியை உயர்த்திக் கேட்டு வேலைநிறுத்தம். அதற்கு நாள் குறித்தவர் சங்கக் கிளைத் தலைவரான என் கணவர். மேட்டூரிலிருந்து புதுத்தண்ணீர் வரும் நேரமாகப் பார்த்துக் குறித்தார். புதுத்தண்ணீர் வந்தால் மீன் ஆற்றில் எதிரேறி, வாய்க்கால் வழியாக வயல்வரைக்கும் வரும். மீன் பிடிக்கும் ஊத்தாக்கூடையைக் குத்தினால் தெரு பசியாறிவிடும். நாற்று முற்றுவதற்குள் மிராசுதார்கள் இறங்கி வந்துதானே ஆகவேண்டும்?

தண்ணீர் வந்தது. மீன் வரவில்லை.

ஆண்கள் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து காரணம் கண்டுபிடித்தார்கள். "மேட்டூர்ல கரண்டு எடுத்துட்டுத்தானே தண்ணிய விடுறான். சத்துப் போன தண்ணியில மீனு எப்படி ஏறும்?" என்றார் என் கணவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் மாமியார் கல்யாணமாகி வந்தப்பவும் இதே கரண்டு எடுத்த தண்ணிதாங்க. அப்ப ஏறின மீனுக்கு இப்ப என்ன வந்துச்சு?" என்று கேட்டேன். வீட்டில் அரிசி தீர்ந்திருந்தது. இன்னும் சில நாளில் யாராவது ஒருவர் பழைய கூலிக்கே வயலில் இறங்கிவிடுவார். பிறகு எல்லோரும் இறங்குவார்கள்.

என் ஓரகத்தியையும் இன்னும் சில பெண்களையும் கூட்டிக்கொண்டு ஆற்றோரமாகக் கிழக்கே நடந்தேன். புதிதாகக் கட்டிய கதவணைக்குக் கீழே பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. வாய்க்கால்களுக்குத் தண்ணீரை ஏற்றுவதற்காகக் கதவுகளை இறக்கியிருந்தார்கள். சினைக் கெண்டையும் கெளுத்தியும் இரும்புக் கதவில் முட்டி முட்டி விழுந்துகொண்டிருந்தன. அவற்றுக்குத் தெம்பு நிறையவே இருந்தது.

காவலுக்கு நின்ற லஸ்கரிடம், "ஒரு சாண் தூக்கி விடுங்கண்ணே" என்றேன்.

"தூக்கினா தண்ணியெல்லாம் கடலுக்குப் போயிடும்மா. ஒங்க வாய்க்கால்தான் காயும்" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. தண்ணீருக்கென்று யோசித்துக் கட்டியவர்கள் மீனுக்கென்று ஓரத்தில் ஒரு வழி விட்டிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

மேலே வரமுடியாத மீனை நாங்களே கீழே இறங்கிப் பிடித்தோம். கூடை கூடையாகத் தலையில் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தோம். மறுநாளும் போனோம். அறுத்த வயிற்றிலெல்லாம் முட்டை. பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் குழம்பு வைத்தோம். ஒருத்தரும் வயலில் இறங்கவில்லை. நாற்று முற்றத் தொடங்கியதும் மிராசுதார்கள் ஆள் அனுப்பினார்கள். கேட்ட கூலி கிடைத்தது.

புதுக்கூலிக்கு நடவு நட்ட முதல் நாள், வரிசையாகக் குனிந்து நின்றோம். பாட்டும் சிரிப்புமாக வயலே அமர்க்களப்பட்டது. பாதி வயல் நட்டபிறகு ஓரகத்தி நிமிர்ந்தாள். "ஏண்டி, காலுல ஒரு மீனு கூட இடிக்கலயே" என்றாள்.

நானும் நின்றேன். சேற்றுத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜெயித்த நாளில் இவள் ஏன் அழுகிறாள் என்று கரையில் நின்ற என் கணவருக்கு விளங்கவில்லை.