செயலாளரின் பாலைவனம்

மஸ்கட்டிலிருந்து வந்த உறையைப் பிரித்தபோது முதலில் வெளியே விழுந்தது விசா அல்ல, ஒரு புகைப்படம். செம்மஞ்சள் மணல்மேடுகளுக்கு நடுவே ஒரு கூடாரம். அதற்கு முன்னால் தடித்த டயர் போட்ட மூன்று சைக்கிள்கள். அவற்றைப் பிடித்தபடி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கும் மூன்று பேர். நடுவில் நின்றவர் செயலாளரின் மாமா. செயலாளரின் அம்மா விசாப் பிரதியை எடுத்துக்கொண்டு நேரே சாமிப் படத்தடிக்குப் போனார். நாங்கள் மூன்று பேரும் புகைப்படத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தோம். அன்று மாலைக்குள், எங்களுக்கும் ஒரு பாலைவனம் வேண்டும் என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

செயலாளர் என்று நான் சொல்வது எந்தப் பெரிய நிறுவனத்தின் செயலாளரையும் அல்ல. எங்கள் ஊரில் மூன்று பேர் சேர்ந்து எதைச் செய்ய நினைத்தாலும் முதலில் ஒரு சங்கம் அமைத்துவிடுவோம். கிரிக்கெட் மட்டை வாங்கவும் சங்கம், திருவிழாவில் மோர் கொடுக்கவும் சங்கம். யோசனை என் வாயிலிருந்து வந்ததால் நான் தலைவர். கிண்ணியாவிலிருந்து வந்து டவுனில் சைக்கிள் கடை வைத்திருந்தவரின் மகன் பொருளாளர். நல்ல கையெழுத்தும், துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த அப்பாவிடமிருந்து வந்த சிங்களமும் உள்ளவன் செயலாளர். உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை. பதவிகள் எப்படியோ ஒட்டிக்கொண்டன. பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டோம்.

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த காலம் அது. சண்டை நாங்கள் சிறுவர்களாக இருந்தபோதே தொடங்கி, எங்களோடு சேர்ந்து வளர்ந்துகொண்டிருந்தது. திருகோணமலை டவுனுக்கு மூன்று பக்கமும் கடல், நாலாவது பக்கம் இராணுவக் காவலரண், எங்கள் பேச்சில் சென்றி. கடலும் எங்களுடையதல்ல, கடற்படையுடையது. எந்தத் தெருவில் சைக்கிளை மிதித்தாலும் கொஞ்ச நேரத்தில் மண்மூட்டையும் சிப்பாயின் துவக்கும் வந்துவிடும். திரும்பி வேறு தெருவால் மிதிப்போம். டவுனுக்குள் திரிகிற மான்கள் மட்டும் அடையாள அட்டை இல்லாமல் சென்றியைக் கடந்து போய்ப் புல் மேய்ந்துவிட்டு வரும். பத்தொன்பது வயதில் ஒரு மானைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள் உலகத்தில் வேறு யாராவது இருப்பார்களோ தெரியாது.

நான் கண்டுபிடித்த பாலைவனம் வடக்கே, திரியாய்ப் பக்கத்தில் இருந்தது. ஒரு பக்கம் மணல், மறுபக்கம் பற்றைக்காடு, அதற்குள் பாறை மலை. மணலில் கூடாரம், மலையில் சைக்கிள், இரண்டு இரவு. செயலாளர் மஸ்கட் போவதற்கு முன்னால் இதைச் செய்து முடிக்க வேண்டும். மாமா வேலை செய்த கம்பனியின் களஞ்சியத்தில் அவனுக்கு ஓர் இடம் காத்திருந்தது. குற்றம் எதுவும் இல்லை என்ற பொலிஸ் றிப்போட் ஒன்றுதான் குறை. அது கிடைத்து, விசாவின் தவணை முடிவதற்குள் அவன் விமானம் ஏறிவிட்டால் எங்கள் மூவரில் ஒருவனாவது வெளியே போனவனாவான். அந்தத் திட்டத்தில் எனக்கு இருந்த அவசரத்தில் பாதி, அவனை ஒழுங்காக வழியனுப்ப வேண்டும் என்பதுதான்.

சாமான்களைச் சைக்கிள் கடையின் பின்னறையில் பரப்பி வைத்தோம். ரோச்லைற், பற்றறி, நைலோன் கயிறு, கூடாரத்துக்குப் படங்கு, கத்தி, காயத்துக்கு மருந்து, மீன்ரின். பொருளாளரின் வாப்பா உள்ளே வந்து, இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"இதென்னடா, சைக்கிள் ஓடப் போறீங்களா, சண்டைக்குப் போறீங்களா?"

பிறகு அவரே குனிந்து ஒவ்வொன்றாக ஒதுக்கத் தொடங்கினார். "பற்றறி சென்றியில விடமாட்டான். கயிறு விடமாட்டான். மருந்து விடவே மாட்டான். மீன்ரின்னை ஆருக்குக் கொண்டுபோறாய் எண்டு கேப்பான்."

"அப்ப மிச்சம் நாங்க மூண்டு பேரும்தான் வாப்பா," என்றான் பொருளாளர்.

"உங்களையும் விடமாட்டான்," என்றுவிட்டு அவர் கடைக்குப் போனார்.

செயலாளர் ஒதுக்கப்பட்ட சாமான்களைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வரிசையில் யாரும் முந்தினால்கூட ஒன்றும் சொல்லாமல் நிற்கிறவன். நூலகப் புத்தகத்தைத் தவணைக்கு முன்னால் திருப்பிக் கொடுக்கிறவன். "ஒழுங்கா அனுமதி கேட்டா என்ன?" என்றான். "நாங்கள் பிழையா ஒண்டும் செய்யேல்லையே."

"டேய் செயலாளர், கேக்காமப் போனாப் பிடிபட்டாத்தான் பிரச்சினை. கேட்டா, பிடிபடாமலே பிரச்சினை," என்றான் பொருளாளர்.

ஆனால் அவன் கேட்டான். ஒரு காலையில் தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு இராணுவக் காம்புக்குள் போனான். நாங்கள் எதிர்ப்பக்க மதிலோரம் நின்றோம். உள்ளே நடந்ததை அவன் பிறகு சொன்னதிலிருந்துதான் அறிவேன். அதிகாரி இளம் ஆள், மரியாதையானவர். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னாராம். தேத்தண்ணிகூடக் கொடுத்தாராம். அந்தக் காட்டிலிருந்து சனம் ஓடி வருகிறது, நீ ஏன் அங்கே படுக்கப் போகிறாய் என்று கேட்டாராம். செயலாளர் தன் நல்ல சிங்களத்தில், "நிக்கங்," என்றிருக்கிறான். சும்மா. அதிகாரி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாராம். எந்தப் பாதையால் போவாய் என்பது அடுத்த கேள்வி. திரியாய் இவனுடைய அம்மாவின் ஊர். மலைக்குப் பின்னால் போகிற வண்டிப் பாதையை அம்மா சொல்லிச் சொல்லி இவனுக்குப் பாடம். மேசையில் விரலால் கீறிக் காட்டியிருக்கிறான். பாறை இங்கே, குளம் இங்கே, இதால் இறங்கினால் கடற்கரை.

அதற்குப் பிறகு அதிகாரி மரியாதையில் எந்தக் குறையும் வைக்காமல் சொன்னது இதுதான்: இனி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். அனுமதி இல்லாமல் டவுனை விட்டு வெளியே போகக்கூடாது.

அந்தக் காலத்தில் ஓர் இடத்துக்குப் போவதற்குக் காரணம் வேண்டும். நோய் வருத்தம், பரீட்சை, கலியாணம், செத்தவீடு. இவற்றில் ஒன்றைச் சொன்னால் கேட்பவருக்கும் நிம்மதி. சந்தோசத்துக்காகப் போகிறேன் என்று ஒருவன் சொன்னால் அதை எதில் சேர்ப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இப்போது நான் இருக்கிற வளைகுடா நகரத்தில், வியாழன் பின்னேரம் அலுவலகத்து நண்பர்கள் பாலைவனம் போகத் திட்டம் போடுவார்கள். யார் கரி கொண்டுவருவது, யாருடைய வாகனத்தில் சைக்கிள்களை ஏற்றுவது என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு விவாதமே கிடையாது. நான் மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்பேன்: "யாருக்காவது அறிவிக்க வேண்டுமா?" அவர்கள் சிரிப்பார்கள். கூடாரம் அடித்து, தேநீர் குடித்து, எல்லோரும் தூங்கின பிறகும், யாராவது வந்து ஏன் வந்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்று மனம் ஒரு பதிலைத் தேடிக்கொண்டே இருக்கும்.

திட்டம் எங்கள் மூவருடையது, அவனுடையது மட்டுமல்ல என்று விளங்கப்படுத்த நானும் பொருளாளரும் அடுத்த ஞாயிறு காம்புக்குப் போனோம். நன்றாக விளங்கப்படுத்தினோம். அதிகாரி கவனமாகக் கேட்டு, எங்கள் இருவரையும் பதிவில் சேர்த்துக்கொண்டார்.

"பாரன், இப்பதான் சங்கம் ஒழுங்காக் கூடுது," என்றான் பொருளாளர், வெளியே வந்து. "கிழமைக்கு ஒரு கூட்டம். ஒருத்தரும் லீவு போடேலாது."

ஞாயிறுகள் அப்படித்தான் போயின. சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு வரிசையில் நிற்போம். கையெழுத்து வைப்போம். திரும்பி வருவோம். மழைக்காலம் தொடங்கியது. வரிசையில் குடை பிடிக்கக் கூடாது என்றார்கள், நனைந்தோம். செயலாளர் பொலிஸ் நிலையத்துக்குப் போய் றிப்போட் கேட்டான். காம்பில் கையெழுத்து வைக்கிறவனுக்கு அது முடிந்த பிறகுதான் என்றார்கள். எப்போது முடியும் என்று காம்பில் கேட்டான். அது மேலிடத்துக்குத்தான் தெரியும் என்றார்கள். அவன் கோபப்பட்டதே இல்லை. அவனுக்கும் சேர்த்து நான்தான் கத்திக்கொண்டு திரிந்தேன். அவனுடைய அம்மா வாசலில் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார். "என்னவாம் தம்பி?" என்று என்னிடம்தான் கேட்பார். மகனின் முகத்தைப் பார்த்துக் கேட்க அவருக்கு ஏலவில்லை. ஒரு ஞாயிறுக்கும் அடுத்த ஞாயிறுக்கும் நடுவில் விசாவின் தவணை முடிந்தது. மாமா ரெலிபோன் எடுத்து, கம்பனிக்காரர் அந்த இடத்துக்கு வேறொரு பொடியனை எடுத்துவிட்டார்கள், குறை நினையாதே என்று சொன்னாராம்.

அதற்குப் பிறகு அதிக நாள் போகவில்லை. அந்த ஞாயிறு காம்பில் புதிய அதிகாரி ஒருவர் இருந்தார். வயதானவர், மூக்குக்கண்ணாடி போட்டவர். எங்கள் பெயர்களைப் பார்த்துவிட்டு, இவர்கள் ஏன் வருகிறார்கள் என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. அவர் இன்னொருவரைக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. பழைய அதிகாரி மாறிப் போயிருந்தார். கடைசியில் அதிகாரி எங்களையே கேட்டார். மூன்று பேரும் வாய் திறக்கவில்லை. அவர் பேனையால் ஒரு கோடு இழுத்தார். இனி வரத் தேவையில்லை, போகலாம்.

நாங்கள் திரும்பினோம். செயலாளர் திரும்பவில்லை. அவன் ஓர் அடி முன்னால் வைத்து, கைகளைக் கட்டிக்கொண்டு, "சேர்," என்றான். பொருளாளர் பின்னாலிருந்து அவனுடைய சட்டையைப் பிடித்து இழுத்தான். "வேண்டாம்டா, வாடா." அவன் அசையவில்லை. குச்சவெளிப் பக்கம் போய்வர அனுமதி வேண்டும் என்றான். அதிகாரி கண்ணாடிக்கு மேலால் பார்த்து, ஏன் என்று கேட்டார்.

"மாமா செத்திட்டார்," என்றான் செயலாளர்.

அதிகாரி முகம் இளகி, மாமாவின் செத்தவீடு என்று காரணம் போட்டு, மூன்று பேருக்கும் சேர்த்து மாலை வரைக்கும் பாஸ் எழுதித் தந்தார்.

வீட்டுக்கு ஓடிப்போய் இடுப்பில் வெள்ளைச் சாரமும் மேலே வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு வந்தோம். சாமான் ஒன்றும் எடுக்க முடியாது. செத்தவீட்டுக்கு யார் படங்கும் ரோச்லைற்றும் கொண்டு போவார்கள்? பொருளாளர் மட்டும் சாரத்து மடிப்புக்குள் பேக்கரிப் பணிஸ் இரண்டு ஒளித்து வைத்திருந்தான். வழிநெடுக சென்றிகளில் பாஸைக் காட்டி, தலையைக் குனிந்துகொண்டோம். நிலாவெளி தாண்டியதும் பொருளாளர் வாய் திறந்தான்.

"மாமாவுக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவார் மச்சான்?"

"அவர் மஸ்கட்டில நூறு வயசு இருக்கட்டும்," என்றான் செயலாளர்.

திரியாய்வரை போக நேரம் காணாது. குச்சவெளிக்கு அப்பால் ஒரு மணல்வெளியில் இறங்கினோம். எங்கள் ஒல்லி டயர்கள் மணலில் புதைந்தன. பொருளாளர் காற்றைக் கொஞ்சம் திறந்துவிட்டு ஓடிப் பார்த்து, சாரம் செயினில் சிக்கி, முகம் குப்புற விழுந்தான். நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். பிறகு மூன்று சைக்கிள்களையும் ஒன்றோடொன்று சாத்தி, அவன் கிழித்துக்கொண்ட சாரத்தையே மேலே விரித்து, அதன் கீழே தலையை மட்டும் வைத்துப் படுத்தோம். அதுதான் எங்கள் கூடாரம். பொருளாளர் அரைக் காற்சட்டையோடு கிடந்து பணிஸைப் பிய்த்துத் தந்தான்.

"மஸ்கட்டும் இப்பிடித்தான் இருக்குமோ?"

"எனக்கெப்பிடித் தெரியும்?" என்றான் செயலாளர், கண்ணை மூடிக்கொண்டே. அவன் அதற்குப் பிறகும் எங்கேயும் போகவில்லை. அப்பா இருந்த அதே துறைமுகத்தில் கிளாக்கராகி, இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறான். ஆனால் அன்றைக்கு அது எங்கள் யாருக்கும் தெரியாது. வெயில் சாரத்தின் ஊடாக வந்தது. கொஞ்ச நேரம் யாரும் எங்களை எதுவும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. டவுனுக்குள் நுழையும் சென்றியில் எல்லோரும் சைக்கிளை விட்டு இறங்கி, கடைசி மண்மூட்டை தாண்டும்வரை உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். காலையில் எங்களை விட்ட அதே சிப்பாய் நின்றான். எங்கள் வயதுதான் இருக்கும். பாஸை வாங்கிக்கொண்டு, எங்கள் உடுப்பில் இருந்த மண்ணையும் கிழிந்த சாரத்தையும் செயலாளரின் முகத்தையும் பார்த்தான்.

"முடிஞ்சுதா?" என்று உடைந்த தமிழில் கேட்டான்.

"ஓம்."

"மாமா நல்ல மனுசனா?"

நானும் பொருளாளரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நல்ல மனுசன்," என்றான் செயலாளர். "எனக்கு எவ்வளவோ செய்ய நினைச்சவர்." இத்தனை மாதத்தில் நான் பார்க்காத அழுகையை அவன் அந்தத் தெருவின் நடுவில் நின்று அழுதான்.

சிப்பாய் துவக்கைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, அவனுடைய முதுகில் கையை வைத்தான். பிறகு சைக்கிளைக் காட்டி, "உருட்ட வேணாம்," என்றான். "ஏறிப் போ."

நாங்கள் ஏறிப் போனோம்.