மீன் வண்டியின் காது

மெக்கானிக் வேலையில் முதல் பாடம் இதுதான்: எங்கே கை போகாதோ, அங்கேதான் ரிப்பேர் வரும். படித்துப் பட்டம் வாங்கியவர்களுக்கு வேறு பாடம் இருக்கலாம். நான் கெட்டுப்போன வண்டிகளிடமே படித்தவன். ராத்திரி தூக்கம் வராத வியாதி ஒன்று இருப்பதால், பகலெல்லாம் ஓடி இருட்டினபிறகு ஓய்கிற வண்டிகளுக்காகச் சாரம் என்கிற எங்கள் பேட்டையில் ஒரு ஷெட் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பானட்டுக்குள் தலையை விட்டு, கைதவறி விழுந்த நட்டைத் தேடியே பாதி ஆயுசைக் கழித்த சகோதரர்களே, இதெல்லாம் உங்களுக்குப் புதிதாக இருக்காது.

எலிக்குப் பிடித்த இடம்

வீராம்பட்டினத்திலிருந்து மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுவருகிற செங்கேணி அக்கா, தானே ஓட்டுகிற பெட்ரோல் மினி வேனோடு மூன்றாவது முறையாக வந்தார். அதே வியாதி. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு, அரியாங்குப்பம் பாலம் ஏறும்போது இழுவை இல்லை, பின்னால் பஸ்காரன் ஹாரன். மூன்று முறையும் காரணம் எலிதான். இன்ஜினுக்கு மேலே காற்று போகிற குழாய்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். அதற்கு அடியில், இன்ஜினை ஒட்டினாற்போல நாக் சென்சார். மீன் வாசனைக்கு வந்த எலி, மீன் கிடைக்காத கோபத்தில் அதன் ஒயரைக் கடித்துவிட்டுப் போகிறது. ஒயரை ஒட்டுவது சின்ன வேலை. அதைத் தொடுவதற்காக மேலே இருப்பதையெல்லாம் கழற்றுவதற்குள் பாதி ராத்திரி போய்விடும்.

இந்தத் தடவை அக்கா முகம் சரியில்லை. வேனில் பாதிப் பங்கு அவருடைய கொழுந்தன் ஆறுமுகத்துடையது; செத்துப்போன அண்ணனோடு, அதாவது அக்காவின் புருஷனோடு, சேர்ந்து வாங்கினது. இன்னொரு முறை நின்றால் விற்றுவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், நின்றதும் வாங்க ஆளே பிடித்துவிட்டார். விடிந்ததும் வீட்டுக்கு வந்து வண்டியைப் பார்க்கிறார்களாம். "வண்டி போச்சின்னா நான் கூடைய தலையில வெச்சிக்கிட்டு நடக்கணும் தம்பி. அந்த எலிக்கு என்னா, அது வேற வண்டி பாத்துக்கும்."

ஆறுமுகத்தின் சந்தேகம்

ஒயரை ஒட்டினால் எலி திரும்ப வரும். சென்சாரையே வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம் என்றேன். கூட வந்திருந்த ஆறுமுகம் புருவத்தைத் தூக்கினார். விளக்கினேன். அது இன்ஜினுடைய காது. உள்ளே பெட்ரோல் தப்பான நேரத்தில் வெடித்தால் டக்கு டக்கென்று தட்டும். காது அதைக் கேட்டுச் சொன்னால், வண்டியின் கம்ப்யூட்டர் கொஞ்சம் அடக்கி ஓட்டி இன்ஜினைக் காப்பாற்றும். காதே செத்துவிட்டால் கம்ப்யூட்டர் பயந்துபோய் எப்போதும் அடக்கியே வைக்கும். பாலத்தில் மூச்சு வாங்குவது அதனால்தான். நல்லவேளையாக இன்ஜின் பக்கவாட்டில், எலி உட்கார வசதியில்லாத, என் கை போகிற இடத்தில், கம்பெனிக்காரன் பிளக் போட்டு மூடிவைத்த ஓட்டை ஒன்று சும்மா இருந்தது.

"காத பேத்து வேற எடத்துல வெச்சா ஒழுங்கா கேக்குமா?" என்றார் ஆறுமுகம். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "ஒனக்கு சரியான எடத்துலதான் இருக்குது. நான் சொன்னது என்னிக்கி கேட்டுச்சி?"

நகர்ந்தது எது

அந்த இரும்பு பிளக், உப்புக் காற்றில் துருவேறி இன்ஜினோடு இன்ஜினாகவே ஆகிவிட்டிருந்தது. ஸ்பிரே அடித்தேன். மண்ணெண்ணெய் ஊற்றினேன். சுத்தியலால் தட்டினேன், பிறகு கெஞ்சினேன். பக்கத்து லேத்துக்கார ஏழுமலை, என்னைப் போலவே தூங்காத ஜீவன், ஆளுயர பைப் ஒன்றைக் கொண்டுவந்து ஸ்பேனரில் மாட்டினார். ரெண்டு பேரும் அதில் தொங்கினோம். கிர்ரென்று ஏதோ நகர்ந்தது. நான் சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக் குலுக்க, அவர் குனிந்து டயரைப் பார்த்தார். "பிளக்கு எங்க இருந்துச்சோ அங்கியேதான் இருக்குதுபா. வண்டிதான் கருவடிக்குப்பம் பக்கமா ரெண்டடி போயிருக்குது."

வேண்டுதல் மெழுகுவத்தி

பிளக்கைச் சூடுபண்ணி மெழுகைத் தொட்டால், உருகித் திருகு மரைக்குள் இறங்கி வழிவிடும். எங்களுக்குத் தெரிந்த கடைசி வைத்தியம் அது. ஷெட்டில் எல்லாம் இருந்தது, மெழுகுவத்தியைத் தவிர. அக்கா தன் பையிலிருந்து முழங்கை நீளத்துக்கு ஒன்றை எடுத்தார். வண்டி தன்னிடமே தங்கினால் வில்லியனூர் மாதாவுக்கு ஏற்றுவதாக வேண்டி வாங்கினதாம். அதே விஷயத்துக்கு ஊர் அம்மனுக்கும் மஞ்சள் துணியில் காசு முடிந்துவைத்திருக்கிறார். ரெண்டு இடத்திலும் சொல்லிவைப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம்.

சாமிக்கு வாங்கினதைத் துருவில் தேய்க்க எனக்குக் கை வரவில்லை. நான் கேஸ் டார்ச்சால் சூடுபண்ணிக்கொண்டே தயங்க, அவரே மெழுகுவத்தியை நீட்டிப் பிளக்கின் ஓரத்தில் வைத்தார். உஸ்ஸென்று புகை. ஸ்பேனரை மெல்லத் திருப்பினேன். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அடம்பிடித்த குழந்தை தானாக வந்து மடியில் உட்கார்ந்ததுபோல வந்துவிட்டது. மிச்ச மெழுகுவத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டே அக்கா சொன்னார்: "மாதாவும் புள்ள பெத்தவதான. கோச்சிக்காது."

லாடம்

மேலே இருப்பதையெல்லாம் கழற்றிச் சென்சாரை எடுத்து, புது இடத்தில் முடுக்கி, ஒயரை நீட்டி இணைத்து, எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, தெருமுனைவரை ஓட்டிப் பார்த்தால், பழையபடி இழுவை இல்லை. கிழக்கே வெளுக்க ஆரம்பித்துவிட்டது. இன்ஜினை ஓடவிட்டு மறுபடி தலையை விட்டுப் பார்த்தேன். புதுக் காதுக்குப் பக்கத்திலேயே, ராத்திரி இருட்டில் என் கண்ணில் படாத, கறுப்புக் கயிற்றில் கட்டின ஒரு குதிரை லாடம் இன்ஜினில் டக்கு டக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. முன்னால் கட்டினால் யாராவது அவிழ்த்துப்போய்விடுவார்கள் என்று, திருஷ்டிக்கு உள்ளே கட்டியிருக்கிறார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு, இன்ஜினுக்கு ஆபத்து என்று காது பதறிக்கொண்டிருந்தது. யார் கட்டினது என்றேன். "நான்தான், அண்ணன் வண்டிய எடுத்தாந்த அன்னிக்கி" என்றார் ஆறுமுகம். அவரே குனிந்து அவிழ்த்தார். கொஞ்சநேரம் கையில் வைத்திருந்துவிட்டு டிரைவர் சீட்டுக்கு மேலே கட்டினார்.

அக்கா ஓட்ட, காலி மீன் பெட்டிகளுக்கு நடுவே நாங்கள் மூன்று பேரும் சுமையாக உட்கார, அரியாங்குப்பம் பாலத்தில் வேன் ஒரே மூச்சில் ஏறியது. ஹாரன் அடிக்க வேண்டிய பஸ்காரன் பின்னாலேயே தங்கிவிட்டான். இறக்கத்தில் ஆறுமுகத்தின் போன் அடித்தது. வண்டி பார்க்க வந்த ஆள் வீட்டு வாசலில் நிற்கிறாராம். ஆறுமுகம் லாடத்தைப் பார்த்தார், பிறகு அண்ணியின் முதுகைப் பார்த்தார். போனில் சொன்னார்: "நல்லா இருக்குற வண்டிய எவன்பா விப்பான்? நீ வேற எடம் பாரு."

செங்கேணி அக்கா அதற்குப் பிறகு என் ஷெட் பக்கமே வரவில்லை. எங்கள் தொழிலில் வேலை சுத்தமாக முடிந்தால் இப்படித்தான், இருந்த ஒரு பேச்சுத்துணையும் போய்விடுகிறது.