கிளட்ச் இல்லாத அம்பாசடர்

நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆணி குத்திய புண் ஆறவே இல்லை. உடம்பில் சர்க்கரை இருந்தது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. சர்க்கரை ஆலை அதிகாரிகளை ஏற்றி இறக்கியே குடும்பத்தைக் காப்பாற்றிய மனுஷனுக்குச் சர்க்கரையே எமனாக வந்ததே என்று ஊரில் சிலர் வேடிக்கையாகக்கூடப் பேசினார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அப்பாவிடம் ஒரு பழைய அம்பாசடர் இருந்தது. வாடகை வண்டி. எங்கள் ஊர் வடக்கனந்தலில் பிரசவ வலி எடுத்தாலும் சரி, பெண் அழைப்பானாலும் சரி, அந்த வண்டிதான். கால் போன பிறகு அது வேப்பமரத்தடியில் கோழிகளுக்கு நிழல் கொடுத்துக்கொண்டு நின்றது. காலையில் எழுந்ததும் அப்பா கக்கத்துக் கட்டையை ஊன்றிக்கொண்டு போய் டிரைவர் சீட்டில் உட்காருவார். கிளட்ச்சை மிதிக்க இடது கால் வேண்டுமே, அதனால் ஸ்டார்ட் செய்ய மாட்டார். சும்மா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவார். அதைப் பார்க்க எனக்கு அப்படி ஒரு பயம். அவர் அழுதிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கள்ளக்குறிச்சியில் பட்டறை வைத்திருந்தார். மாமாவுக்குத் தெரியாத விஷயம் கிடையாது, செய்யத் தெரிந்ததுதான் கம்மி என்று அம்மா சொல்லுவாள். அவர் ஒருநாள் டெம்போவில் ஒரு கியர் பெட்டியோடு வந்து இறங்கினார். நொறுங்கிப்போன ஏதோ வெளிநாட்டுக் காரிலிருந்து கழற்றியதாம். சென்னையில் பழைய இரும்புக் கடையில் பிடித்திருக்கிறார். கூடவே பரங்கிக்காய் அளவுக்கு ஓர் இரும்புச் சட்டி. அதன் பெயர் டார்க் கன்வெர்ட்டர்.

"இதுக்குள்ள எண்ணெய்தான் எல்லாம். இன்ஜின் எண்ணெயச் சுத்தும், எண்ணெய் கியரச் சுத்தும். கிளட்சே கெடையாது. ஒத்தக் காலு போதும் மச்சான்" என்றார் மாமா.

அப்பா அந்தச் சட்டியைத் தடவிப் பார்த்தார். பல மாதம் கழித்து அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது.

வேலை லேசில் முடியவில்லை. பெட்டியின் ஓட்டைகள் இன்ஜினோடு சேரவில்லை. மாமா லேத் பட்டறையில் கொடுத்து, இரண்டுக்கும் நடுவில் வைக்க ஒரு தகடு கடைந்து வாங்கி வந்தார். பெட்டி பெருத்திருந்ததால் வண்டியின் தரையை வெட்டினார். அந்தச் சட்டியைச் சுற்றிச் சுற்றிக் கடைசிவரை உள்ளே இறக்க வேண்டுமாம். முதல் தடவை அவசரப்பட்டுப் பாதியிலேயே போல்ட்டை முறுக்கிவிட்டார். இறுக இறுக உள்ளே ஏதோ நெரிகிற சத்தம். எல்லாவற்றையும் திரும்ப இறக்கினார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டாம் தடவை சட்டி 'டொக்'கென்று உட்கார்ந்தது. கியர்க் கம்பி மட்டும் கொஞ்சம் குட்டையாகப் போய், P என்ற எழுத்துக்கு எட்டவில்லை.

"அது வண்டிய நிறுத்தி வெக்கிறதுக்கு. அதான் ஹேண்ட் பிரேக் இருக்குதே, இது இன்னாத்துக்கு?" என்று மாமா கையைத் துடைத்துக்கொண்டார். எங்கள் வண்டியில் ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான் இருந்தது.

மலைச் சவாரிதான் அப்பாவின் பிழைப்பு. ஆகவே மலை மேலிருக்கும் கரியாலூர் வரை போய்வந்து பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. அம்மா வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரே ஒரு தபா பாருங்க. புள்ள மேல ஒரு கீறல் உழுந்துச்சு, வண்டி இந்த வூட்ல இருக்காது. சொல்லிட்டேன்."

என்னையும் கூடவே அனுப்பியது அம்மாவின் யோசனைதான். பிள்ளை பின்னால் இருந்தால் மனுஷன் பதனமாக ஓட்டுவார் என்று கணக்கு. அவளுடைய கவலைக்குப் பூட்டு போட என்னையே பூட்டாக வைத்தாள். நான் பின் சீட்டின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன். பிரேக்கிலிருந்து காலை எடுத்ததுமே தானாக ஊர்கிற வண்டியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் அப்பா சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு வளைவிலும் அவருடைய இடது தொடை, இல்லாத காலால் இல்லாத கிளட்ச்சை மிதிக்கத் துள்ளியது. நான் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். பாதி மலையில் ரேடியேட்டர் ஆவி விட்டது. அப்பா ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்தினார். ஏற்றத்தில் நிறுத்தினால் வண்டியைக் கியரில் போட்டுவிட்டு இறங்குவது மலை டிரைவர்களின் வழக்கம். இரும்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும், வண்டி நகராது. அவர் கை தன்னால் அதைச் செய்தது. ஹேண்ட் பிரேக்கையும் இழுத்தார். மாமா கேனை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் இறங்கினார்.

ஆனால் இந்த வண்டியில் பிடித்துக்கொள்ள உள்ளே இருந்தது வெறும் எண்ணெய்.

அப்பா இறங்கிக் கட்டையை ஊன்றிக் கதவருகே நின்றார். எனக்கு வண்டி நகர்வதாகத் தெரியவில்லை. ரோட்டோரத்து மூங்கில்தான் மெல்ல முன்னால் போயிற்று. திரும்பிப் பார்த்தால் பின் கண்ணாடியில் ரோடு இல்லை, வளைவுக்கு அப்பால் வெறும் பள்ளம். "அப்பா" என்று கத்த வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. முன் சக்கரம் அப்பாவை நோக்கி உருண்டு வந்தது. அவர் கக்கத்திலிருந்த கட்டையை உருவி, சக்கரத்துக்குப் பின்னால் செருகிவிட்டு அப்படியே ரோட்டில் விழுந்தார். படாரென்று கட்டை முறிந்தது. முறிந்த துண்டின் மேல் ஏறி வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

மாமா ஓடிவந்து கல் வைத்தார். "நீங்க பின்னால குந்துங்க மச்சான், நான் ஓட்டிக்கினு வரேன்."

"வுடுடா. இன்னிக்கு நான் ஓட்டலன்னா இனிமே என்னிக்கும் ஓட்ட மாட்டேன்" என்றார் அப்பா. மாமாவின் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார். மாமா ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றி, முறிந்த துண்டுகளைப் பொறுக்கி டிக்கியில் போட்டார். கரியாலூர் போகாமல் அங்கேயே திருப்பி, மலையிலிருந்து வண்டியை அப்பாவே இறக்கினார். ஒரு தடவைகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் மேல் கோபம் என்று நினைத்து நான் விசும்பிக்கொண்டே வந்தேன்.

வாசலில் நின்ற அம்மா, மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கிய அப்பாவைப் பார்த்து, "கட்டை எங்க?" என்றாள்.

"ஓடைகிட்ட பாறை வழுக்கிச்சி. உழுந்துட்டேன். ஒடிஞ்சிப்போச்சி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்று மிரட்டுகிற அப்பா! மாமா வேப்பமரத்து உச்சியை ஆராய்ந்துகொண்டிருந்தார். அம்மா டிக்கியிலிருந்து முறிந்த துண்டுகளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் டயரின் கோடுகள் கறுப்பாகப் பதிந்திருந்தன. என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு, பேன் பார்க்கிறேன் என்று பின்னலை அவிழ்த்துத் தலை முழுக்க விரலால் தடவினாள். பிறகு கழுத்து, தோள், முழங்கை. அங்கெல்லாம் பேன் ஏது என்று நினைத்துக்கொண்டேன்.

"பாத்து நடக்கக் கூடாதா?" என்று மட்டும் அப்பாவிடம் சொன்னாள்.

மறுநாள் அப்பா டிக்கியைத் திறந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். உள்ளே, சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கிற மாதிரி ஆப்பாகச் செதுக்கிய புளியங்கட்டை இரண்டு கிடந்தன. அம்மா தச்சரிடம் போய்வந்தது எனக்குத் தெரியும், எதற்கென்று தெரியாது. அப்பா அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, சத்தம் வராமல் மூடினார்.

பாவம் அம்மா, அவளுக்கு ஒன்றுமே தெரியாது. நான் வாயைத் திறக்காததால்தான் வண்டி பிழைத்தது என்று அந்த வருஷம் முழுக்க நான் பெருமையோடு திரிந்தேன்.